சென்னை – சிங்கப்பூர்: 2,920 கிலோமீட்டர், நான்கு மணி நேரம் சொச்சம்

சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு எண்ணைத் தரும். எதுவும் தப்பில்லை. ஒன்று நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு அளந்திருக்கும். இன்னொன்று மீனம்பாக்கம் ஓடுதளத்திலிருந்து சாங்கி ஓடுதளத்துக்கு அளந்திருக்கும். சாங்கி இருப்பது சிங்கப்பூர்த் தீவின் கிழக்கு ஓரத்தில் என்பதால் அதிலேயே பத்து, பதினைந்து கிலோமீட்டர் கூடும். விமான நிலையத்துக்கு விமான நிலையம் எடுத்துக்கொண்டால் சுமார் 2,920 கி.மீ. விமானிகள் கடல் மைலில் கணக்குப் போடுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.; அந்தக் கணக்கில் ஏறத்தாழ 1,580.

தூரத்தில் இவ்வளவுதான் சர்ச்சை. வம்பெல்லாம் நேரத்தில்தான். போகும் டிக்கெட்டில் நாலேகால் மணி நேரம் என்று இருக்கும், வரும் டிக்கெட்டில் நாலு மணி என்று இருக்கும். சில மாதங்களில் இந்த வித்தியாசம் அரை மணி வரை போகும், சில மாதங்களில் காணாமலே போகும். அதே விமானம், அதே இரண்டு ஊர். கடலும் நகர்ந்து போகவில்லை.

முதலில் அந்தக் கோட்டைப் பார்த்துவிடுவோம். உருண்டையான பூமியில் இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறைந்த தூரம் பெருவட்டப் பாதையில் கிடைக்கும். சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தில் அது வளைவாகத் தெரியும். சென்னை–லண்டன் எடுத்துக்கொண்டால் பெருவட்டத்தில் சுமார் 8,230 கி.மீ. திசைகாட்டியில் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு, வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் போட்ட நேர்கோட்டில் போனால் சுமார் 8,480 கி.மீ. வளைந்து போனால் 250 கி.மீ. மிச்சம்! ஆனால் இந்த வித்தை நிலநடுக்கோட்டுப் பக்கம் பலிக்காது. சென்னை 13 டிகிரி, சிங்கப்பூர் ஒன்றரை டிகிரிக்கும் கீழே. இரண்டு கோட்டுக்கும் வித்தியாசம் ஒரு கிலோமீட்டர்கூட வருவதில்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாலே போதும்.

அந்தக் கோடு எங்கே போகிறது என்பது எண்ணைவிட சுவாரசியமானது. கடற்கரையைத் தாண்டியதும் 1,600 கி.மீ.க்கு வெறும் வங்கக் கடல். முதலில் எட்டிப் பார்க்கும் நிலம், இடப்பக்கம் கிரேட் நிகோபார் தீவின் தென்கோடியான இந்திரா முனை. வலப்பக்கம் சுமத்திராவின் வடமுனையான ஆச்சே. இரண்டுக்கும் நடுவில் ஆறு டிகிரி கால்வாய். மலாக்கா நீரிணைக்குள் நுழைகிற கப்பல்களுக்கு மேற்கு வாசல் அது. கணக்குப்படி போட்ட மிகச் சுருக்கமான விமானக் கோடு இந்தக் கப்பல் வாசல் வழியாகவே நுழைகிறது. அப்புறம் வலப்பக்கம் சுமத்திராவின் கிழக்குக் கரை, மேடான், இடப்பக்கம் மலேசியத் தீபகற்பம், நேரே சிங்கப்பூர். முதலாம் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் இலாமுரிதேசமும் மாநக்கவாரமும் கடாரமும் அடுத்தடுத்து வருவதைப் படித்தவர்களுக்கு இந்த வழி புதிதாகத் தெரியாது. இலாமுரி ஆச்சேப் பக்கம், மாநக்கவாரம் நிகோபார், கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா.

இங்கே ஒரு கேள்வி வழக்கமாக வரும். சிங்கப்பூர் தெற்கேதானே இருக்கிறது, அப்படியானால் திருச்சி சென்னையைவிடப் பக்கமாக இருக்க வேண்டுமே? இல்லை. சிங்கப்பூர் தெற்கே இருப்பதைவிடக் கிழக்கே இருப்பது இரண்டு மடங்கு. தெற்கே போனால் கிடைக்கும் லாபத்தை, மேற்கே தள்ளிப்போகும் நஷ்டம் தின்றுவிடுகிறது. திருச்சியிலிருந்து சுமார் 2,985 கி.மீ., மதுரையிலிருந்து 3,015, கோவையிலிருந்து 3,165. தமிழ்நாட்டுப் பன்னாட்டு விமான நிலையங்களில் சிங்கப்பூருக்குப் பக்கத்தில் இருப்பது சென்னைதான். அதையும் மிஞ்சுவது கொழும்பு, சுமார் 2,750. இருந்தாலும் சென்னைக்கும் திருச்சிக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து நிமிடப் பறத்தல்தான். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் சென்னைக்கு ஏழு மணி நேரம் பஸ்ஸில் வந்து அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப்போவதில்லை. திருச்சி–சிங்கப்பூர் விமானங்கள் நிரம்பி வழிவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சரி, நேரத்துக்கு வருவோம். முதல் குழப்பம் கடிகாரம். உதாரணத்துக்கு, சென்னையில் இரவு 11.15க்குக் கிளம்பிச் சிங்கப்பூரில் காலை 6 மணிக்கு இறங்குகிறது என்று டிக்கெட்டில் இருக்கிறது. கழித்துப் பார்த்தால் 6 மணி 45 நிமிடம். அதில் இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் உள்ள இரண்டரை மணி நேர வித்தியாசத்தை எடுத்துவிட்டால் 4 மணி 15 நிமிடம். திரும்பும்போது சிங்கப்பூரில் இரவு 8க்கு ஏறிச் சென்னையில் 9.40க்கு இறங்கினால், ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிட்ட மாதிரி ஒரு பிரமை, நிஜத்தில் 4 மணி 10 நிமிடம். முதல் தடவை போகிறவர்கள் வீட்டில் இதை வைத்து ஒரு விவாதமே நடக்கும்.

அந்த இரண்டரை மணி நேரமும் சூரியன் கொடுத்ததல்ல. இரண்டு ஊர்களுக்கும் தீர்க்க ரேகையில் வித்தியாசம் சுமார் 24 டிகிரி. ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம் என்றால் சூரியக் கணக்கில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மிச்சம் முக்கால் மணிக்கு மேல் அரசாங்கங்கள் சேர்த்தது. 1981 வரை சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டு மணி நேரம்தான் முந்தியிருந்தது. தீபகற்ப மலேசியாவின் நேரத்தைச் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்க மலேசியா முடிவு செய்தபோது, வியாபாரத்துக்கும் போக்குவரத்துக்கும் தொந்தரவு வேண்டாம் என்று சிங்கப்பூரும் கூடவே போனது. 1982 ஜனவரி 1 முதல் அரை மணி கூடிவிட்டது. அதன் விளைவை இன்றும் கண்ணால் பார்க்கலாம். சிங்கப்பூரில் வருடம் முழுக்கச் சூரியன் உதிப்பது ஏழு மணியை ஒட்டித்தான். ஆறு மணிக்கு இறங்கி வெளியே வந்தால் சாங்கி இன்னும் கும்மிருட்டாக இருக்கும், கடிகாரம் மட்டும் விடிந்துவிட்டது என்று சொல்லும்.

இந்த இரண்டரை மணி நேரம்தான் இரவு விமானங்களின் கால அட்டவணையையும் வரைகிறது. சிங்கப்பூரில் சாயங்காலம் அலுவலகம் முடிந்து எட்டு மணி வாக்கில் கிளம்பும் விமானம், சென்னையில் பத்து மணிக்குள் வந்துவிடும். ஒரு மணி நேரம் துடைத்து, எரிபொருள் நிரப்பி, பதினொன்று, பன்னிரண்டுக்குத் திரும்பினால் விடியலுக்குச் சாங்கி போய்ச் சேர்ந்துவிடும். அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் கிழக்காசியாவுக்கும் காலையில் கிளம்பும் விமானங்களைப் பிடிக்கலாம். விமானத்துக்கு ஒரு ராத்திரி வீணாகவில்லை. தூக்கம் போவது பயணிக்குத்தான், மூன்று மணி நேரத்தில் யாருக்கும் உருப்படியான தூக்கம் வருவதில்லை.

டிக்கெட்டில் அச்சிடும் நேரம் விமானம் ஆகாயத்தில் இருக்கும் நேரமல்ல. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கட்டையை இங்கே எடுத்ததிலிருந்து அங்கே வைக்கிற வரைக்கும் உள்ள நேரம் அது. அதற்குள் என்னவெல்லாம் அடங்குகிறது என்று ஓர் இரவு விமானத்தைப் பிரித்துப் பார்க்கலாம். கதவை மூடியதும் இழுவை வண்டி பின்னுக்குத் தள்ளும். இன்ஜின் ஓடத் தொடங்கும். ஊர்ந்து போய் ஓடுதள முனையில் முறைக்குக் காத்திருக்கும். இரவில் வளைகுடாவுக்கும் கிழக்கேயும் போகிற விமானங்கள் வரிசை கட்டி நிற்கும் நேரம் அது. தரையில் பதினைந்து, இருபது நிமிடம் போவது சாதாரணம். மேலே ஏறி 35,000 அடியைத் தொட இன்னொரு இருபது, இருபத்தைந்து நிமிடம். அந்த நேரத்தில் முழு வேகம் இருக்காது. இறங்கும்போதும் அப்படித்தான். சாங்கியில் தரை தட்டியபின் நிறுத்துமிடம் போய்ச் சேர ஐந்திலிருந்து பதினைந்து நிமிடம், எந்த ஓடுதளம், எந்த முனையம் என்பதைப் பொறுத்து.

இடைப்பட்ட நேரத்தில்தான் விமானம் உண்மையாகப் பறக்கிறது. இந்தத் தடத்தில் ஓடும் ஏ320, போயிங் 737 ரகங்கள் ஒலியின் வேகத்தில் சுமார் 0.78 பங்கில் போகும், மணிக்கு 830லிருந்து 850 கி.மீ. ஏ350, 787 போன்ற பெரிய விமானங்கள் 0.85 பங்கில், 900ஐ ஒட்டி. மூன்றரை மணி நேரத்தில் பத்து, பதினைந்து நிமிட வித்தியாசம் இதிலேயே வந்துவிடும். ஒரே வழித்தடத்தில் ஒரு நிறுவனம் 4.05 என்றும் இன்னொன்று 4.20 என்றும் போடுவதற்கு, விமானி சுறுசுறுப்பானவர் என்பதல்ல, விமானத்தின் ரகம்தான் முதல் காரணம்.

ஆனால் மேலே சொன்னதெல்லாம் சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட வேகம். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தால்? இருக்கை முன்னால் உள்ள திரையில் 'தரை வேகம்' என்று ஓர் எண் ஓடும். படம் பார்க்காமல் அதைப் பார்த்துக்கொண்டு வருகிற ஆள் நான். ஜூலை மாதம் சிங்கப்பூர் போகும்போது அது 780, 790 என்று இழுத்துக்கொண்டிருக்கும். திரும்பும்போது 900ஐத் தாண்டும்.

எல்லோரும் கேள்விப்பட்டிருக்கும் ஜெட் காற்றோட்டம் வடக்கே இருப்பது. மேற்கிலிருந்து கிழக்கே பாய்வது. டெல்லியிலிருந்து ஜப்பான் போகிறவர்களுக்கு அது உதவும், திரும்பும்போது படுத்தும். நம் தலைக்கு மேல் ஓடுவது வேறு. அது கிழக்கிலிருந்து மேற்கே பாயும் வெப்பமண்டலக் கீழைக்காற்று ஜெட். ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும்தான் அதற்கு ஆயுசு. கோடையில் திபெத்தியப் பீடபூமியும் ஆசிய நிலப்பரப்பும் சூடேறி, அதன் மேலுள்ள காற்று நிலநடுக்கோட்டுக் கடலின் மேலுள்ள காற்றைவிட வெப்பமாகிவிடும். வழக்கமாக வடக்கே போகப்போகக் குளிரும் மேல்வானம் இந்த மாதங்களில் தலைகீழாகும். அதனால் மேல் காற்றின் திசையும் தலைகீழாகும். தென்கிழக்கு ஆசியாவில் தொடங்கி, வங்கக் கடலைக் கடந்து, தென்னிந்தியாவின் மேல் வேகமெடுத்து, அரபிக் கடல் வழியாக ஆப்பிரிக்கா வரை போய் அடங்கும். அதன் உக்கிரமான பகுதி ஏறத்தாழ சென்னையின் அட்சரேகையில் இருக்கும். நடுப்பகுதி 14 கி.மீ. உயரத்துக்கும் மேலே, அங்கே மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வீசுவது சகஜம். பயணிகள் விமானம் அவ்வளவு உயரம் போவதில்லை, 10லிருந்து 12 கி.மீ.தான். ஆனால் அந்த ஜெட்டின் கீழ்ப்பகுதிக்குள் நன்றாகவே சிக்கிக்கொள்ளும்.

இதை ஒரு ஜெட்டாக அடையாளம் கண்டு 1958இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதியவர் பி. கோடேஸ்வரம். பின்னாளில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமை இயக்குநராக இருந்தவர். பருவமழையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவரை நினைக்கிறார்கள். ஜூலையில் சிங்கப்பூர் போய்வருகிற நாமும் நினைக்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 840 கி.மீ. வேகமுள்ள விமானம், காற்றே இல்லாவிட்டால் 2,920 கி.மீ.ஐ மூன்று மணி 29 நிமிடத்தில் கடக்கும். வழி நெடுகச் சராசரியாக 60 கி.மீ. எதிர்க்காற்று என்று வைத்தால் மூன்று மணி 45 நிமிடம். அதே காற்று முதுகைத் தள்ளினால் மூன்று மணி 15 நிமிடம். போக்குக்கும் வரத்துக்கும் சுளையாக அரை மணி! டிசம்பர், ஜனவரியில் இந்தத் தடத்தில் மேல்காற்று இவ்வளவு முரட்டுத்தனமாக இருப்பதில்லை. வித்தியாசமும் சுருங்கிவிடும்.

இதோடு தரையிலும் ஒரு விளையாட்டு இருக்கிறது. சென்னையின் பெரிய ஓடுதளம் 07/25 எனப்படுவது. ஒரு முனையிலிருந்து 70 டிகிரி திசையில், அதாவது கிழக்கு வடகிழக்காக ஓடும். மறுமுனையிலிருந்து 250 டிகிரியில் மேற்கே ஓடும். விமானம் எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். தென்மேற்குப் பருவ மாதங்களில் தரைக்காற்று மேற்கிலிருந்து. ஆகவே சிங்கப்பூர் போக வேண்டிய விமானம் முதலில் மேற்கே, ஊருக்கு எதிர்ப்புறமாக ஏறி, அப்புறம் சுற்றித் திரும்பிக் கடலுக்கு வரும். மேலே போனால் அங்கே காற்று கிழக்கிலிருந்து! கீழேயும் எதிர், மேலேயும் எதிர். திரும்பி வரும் விமானத்துக்கு இரண்டும் சாதகம். மேல்காற்று பின்னாலிருந்து தள்ளும், கடல் பக்கமிருந்து சுற்றாமல் நேரே வந்து 25இல் இறங்கிவிடலாம். பகலில் கடற்காற்று ஊருக்குள் நுழைந்துவிட்டால் ஓடுதளத் திசை மாறும். ஆனால் பெரும்பாலான சிங்கப்பூர் விமானங்கள் கிளம்பும் நடுராத்திரியில் கடற்காற்று ஓய்ந்திருக்கும். வடகிழக்குப் பருவ மாதங்களில் கதை வேறு. 07இல் ஓடி ஏறினால் நேரே வங்கக் கடல்தான்.

உயரத்தைக்கூட விமானி இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்க முடியாது. கிழக்கே போகிறவர்களுக்கு 33, 35, 37, 39 ஆயிரம் அடி. மேற்கே வருகிறவர்களுக்கு 34, 36, 38 என்று ஒற்றைப்படை, இரட்டைப்படையாகப் பிரித்திருக்கிறார்கள். எதிரெதிரே வருபவர்கள் மோதாமலிருக்க இந்த ஏற்பாடு. நடுக்கடலில் தரை ரேடார் எட்டாது. ஒரு தரை ரேடாரின் கண் சுமார் 400, 450 கி.மீ. தாண்டாது. அதற்கப்பால் செயற்கைக்கோள் வழியாக விமானம் தன் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டே போகும். அதனால் முன்னால் போகிற விமானத்துக்கும் பின்னால் வருகிறதற்கும் விடும் இடைவெளி கரைக்கு அருகே விடுவதைவிட அதிகம். ஐரோப்பாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் தென்கிழக்காசியாவுக்குப் போகிறவர்களும் இதே கடலைக் கடக்கிறார்கள். நல்ல உயரம் காலியில்லை என்றால் கீழே கிடைத்த உயரத்தில் கூடுதல் எரிபொருளைக் குடித்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

அரசியல் தொல்லை மட்டும் இந்த வழியில் இல்லை. சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று மூன்று கட்டுப்பாட்டு மையங்கள் கை மாற்றிக்கொள்கின்றன, அவ்வளவுதான். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் பட்ட பாடு இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வானம்தான் இங்கே குறுக்கே நிற்கும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இடிமேகங்கள் விமானம் பறக்கும் உயரத்தையும் தாண்டி வளரும். மேலே ஏறித் தப்பிக்க முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். 30, 40 கி.மீ. விலகுவது தினசரி நடப்பு. சிங்கப்பூருக்கென்றே ஒரு தனித் தொல்லையும் உண்டு. அங்குள்ளவர்கள் 'சுமத்திரா' என்றே சொல்லும் புயல் வரிசை. இரவில் சுமத்திராவின் மேலும் மலாக்கா நீரிணையின் மேலும் இடிமேகங்கள் கோடாகத் திரண்டு, கிழக்கே நகர்ந்து, விடியலுக்கு முன்னிருந்து காலை வரை சிங்கப்பூரைத் தாக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை இதற்குப் பருவம். சென்னையில் நடுராத்திரி ஏறியவர் சாங்கியை நெருங்கும் நேரமும் அதே விடிகாலைதான். ஒரு மணி நேரத்தில் அது கடந்துவிடும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் விமானங்கள் மேலே வட்டமடித்துக் காத்திருக்கும். சென்னைப் பக்கம் நவம்பர், டிசம்பரில் நடப்பது நமக்குத் தெரிந்ததுதான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மீனம்பாக்கம் ஓடுதளமே தண்ணீரில் கிடந்தது.

இவ்வளவு நிச்சயமின்மையை வைத்துக்கொண்டு நிறுவனங்கள் எப்படி ஒரு நேரத்தை அச்சிடுகின்றன? முந்தைய பருவத்தில் நிஜமாக ஆன நேரங்களைப் பார்த்து, பெரும்பாலான நாட்களில் தப்பித்துக்கொள்ளும் அளவுக்குக் கொஞ்சம் சேர்த்துப் போடுவார்கள். குளிர்கால அட்டவணை, கோடைக்கால அட்டவணை என்று வருடத்துக்கு இரண்டு தடவை மாறும். குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் விமானத் துறையில் அது தாமதமே அல்ல. கொஞ்சம் தாராளமாகப் போட்டுக்கொண்டால் நேரம் தவறாத நிறுவனம் என்ற பெயரும் கிடைக்கும். 'இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்' என்று விமானி பெருமையாக அறிவிப்பதில் பாதி காற்றின் கருணை, பாதி அட்டவணை போட்டவரின் முன்னெச்சரிக்கை.

இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் நேரம் சொல்லும் தளங்களுக்கு இதெல்லாம் தெரியாது. பெரும்பாலும் அவை பெருவட்டத் தூரத்தை 800, 850 என்று ஒரு வேகத்தால் வகுத்து, ஏற, இறங்க என்று ஓர் அரை மணி சேர்த்துவிடும். சென்னை–சிங்கப்பூருக்கு 2,920ஐ 800ஆல் வகுத்தால் 3 மணி 39 நிமிடம், அரை மணி சேர்த்தால் 4 மணி 9 நிமிடம். நிஜத்துக்கு மிக அருகில்! இந்தத் தூரத்துக்கு அந்தச் சூத்திரம் நன்றாகவே பொருந்துகிறது. அதையே சென்னை–யாழ்ப்பாணத்துக்குப் போட்டுப் பாருங்கள். மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாண விமான நிலையமான பலாலி சுமார் 355 கி.மீ. சூத்திரம் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். அங்கே போவதோ மணிக்கு 500 கி.மீ. அளவில் பறக்கும் ஏடிஆர் ரக விசிறி விமானம். டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் போல இருக்கும். எட்டில் ஒரு பங்கு தூரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு நேரம். தூரம் குறையக் குறைய, ஊர்வதும் ஏறுவதும் இறங்குவதுமே பயணமாகிவிடுகிறது.

அப்புறம், இந்த நாலு மணி நேரம் ஏன் குறையவே மாட்டேன் என்கிறது? கப்பல் காலத்தோடு ஒப்பிட்டால் மாபெரும் பாய்ச்சல்தான். 1926இல் கட்டிய எஸ்.எஸ். ரஜூலா, சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு 1973 வரை ஓடியது. ஒரு வாரம் போல ஆகும். பிறகு வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் காலம் முடிந்தது. ஒரு வாரம் நாலு மணி நேரமானது ஜெட் விமானத்தால். ஆனால் 1960களின் ஜெட்டும் இன்றைய ஜெட்டும் பறக்கும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒலியின் வேகத்தை நெருங்கினால் காற்றின் தடை மடமடவென்று ஏறும், எரிபொருள் செலவு கட்டுப்படியாகாது. இடைப்பட்ட அறுபது வருட முன்னேற்றமெல்லாம் அதே வேகத்தில் குறைந்த எரிபொருளில் போவதற்குச் செலவானது. எண்ணெய் விலை ஏறும்போது நிறுவனங்கள் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதும் உண்டு.

ஒலியை மிஞ்சும் முயற்சி இந்தக் கடலிலும் நடந்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து 1977 டிசம்பரில் லண்டன்–பஹ்ரைன்–சிங்கப்பூர் வழியில் கான்கார்டை விட்டன. மலாக்கா நீரிணைக்கு மேல் ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறப்பதற்கு மலேசியா ஆட்சேபம் தெரிவிக்க, மூன்றே தடவை போய்வந்ததோடு நின்றது. 1979 ஜனவரியில் மறுபடி தொடங்கி, 1980 நவம்பரில் ஒரேயடியாக மூடினார்கள். இந்தியாவும் தன் நிலத்தின் மேல் அந்த வேகத்தில் பறக்க இடம் கொடுக்கவில்லை. அந்த வேகத்தில் சென்னை–சிங்கப்பூர் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கும். அப்படி ஒரு டிக்கெட்டைச் சென்னையில் யாரும் விற்றதில்லை.

இனி மிச்சம் பிடிக்க இடமிருப்பது தரையில்தான். தாம்பரத்தில் வீட்டைப் பூட்டியதிலிருந்து தெம்பனிஸில் கதவைத் தட்டுகிற வரை ஒன்பது மணி நேரம் என்று வைத்தால், ஆகாயத்தில் இருப்பது மூன்றே முக்கால். மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வது, பெட்டி போடும் வரிசை, குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை, அங்கே இறங்கியபின் மீண்டும் ஒரு சுற்று எல்லாம் மிச்சத்தில் அடக்கம். சாங்கியில் தானியங்கிக் கதவுகள் வந்தபின் அந்தப் பக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. சென்னையில் இரவு ஒன்பது மணிக்கு மேல் பல வெளிநாட்டு விமானங்கள் கொத்தாக இறங்கும். ஜூலையில் கீழைக்காற்று தள்ளிவிட்டு இருபது நிமிடம் முன்னால் வந்தால், அந்த இருபது நிமிடத்தையும் வரிசையில் நின்றே செலவழிக்க வேண்டியிருக்கும். 9.40க்கு இறங்கும் விமானத்தை நம்பி எழும்பூரில் பதினொன்றே கால் ரயிலுக்கு முன்பதிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு அடுத்த ரயிலிலோ, கிளாம்பாக்கத்தில் நள்ளிரவுக்கு மேல் கிளம்பும் பஸ்ஸிலோ சீட் போட்டு வைப்பது நல்லது.